ரேயஸ் கையெழுத்திட்ட கியூ பால் மங்குகிறது, மொஸ்கோனி கியூ ஒன்றும் விலைக்கு வந்திருக்கிறது: ஆலோசனை தேவை

வெள்ளைப்பந்து:

வணக்கம். பூல் (மேசையில் பந்துகளைக் கோலால் அடித்துக் குழிக்குள் தள்ளும் ஆட்டம்) ஆட்டக்காரர்களின் கையெழுத்துகளைச் சேர்ப்பவன் நான். கிரிக்கெட் மட்டை சேர்ப்பவர்களுக்கு யோசனை சொல்ல ஊர்ப்பட்ட ஆள் இருக்கிறார்கள், நமக்கு யாருமில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர் எஃப்ரன் ரேயஸ் கறுப்பு மார்க்கரில் கையெழுத்துப் போட்ட கியூ பால் (கோலால் நேரடியாக அடிக்கும் வெள்ளைப் பந்து) ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை வைத்து யாரும் ஆடுவதில்லை, அலமாரியிலேயே இருக்கிறது. அப்படியும் மை பழுப்பேறிக்கொண்டு வருகிறது. மேலே வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தால் நிற்குமா?

இன்னொன்று. அந்தக்கால அமெரிக்க ஆட்டக்காரர் வில்லி மொஸ்கோனியின் கையெழுத்துள்ள பழைய கியூ (ஆடும் கோல்) ஒன்றை ஒருவர் விற்கிறார். சான்றிதழும் தருவாராம். கையெழுத்து ஒரு கீறல்கூட இல்லாமல் அத்தனை அழகாக இருக்கிறது. அதுதான் உறுத்துகிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

பழைய சாக்:

ஸ்ப்ரே பக்கமே போகாதீர்கள். அதிலுள்ள கரைப்பான் மார்க்கர் மையையும் கரைக்கும், ஒரு நொடியில் கையெழுத்து கறையாக வழிந்துவிடும்.

பூல் பந்து பீனாலிக் பிசினில் செய்தது. காகிதம் மையை உறிஞ்சும், இது உறிஞ்சாது. எழுத்து மேலே படிந்து கிடக்கும், அவ்வளவுதான். பந்து துடைக்கும் பாலிஷ் பட்டாலே போய்விடும், வியர்வைக் கை பட்டாலும் மெல்லத் தேயும். நீங்கள் சொல்லும் பழுப்பு வேறு விஷயம். சாதாரண மார்க்கரில் இருப்பது சாயம், வெளிச்சம் பட்டால் வெளுக்கும். அலமாரிக்கு எதிரே ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். இருட்டான இடத்துக்கு மாற்றுங்கள், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் பெட்டியில் வையுங்கள், கையில் எடுத்தால் பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். போன நிறம் திரும்பி வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம். மேலே மை பூசித் திருத்தும் எண்ணம் வந்தால் தயவுசெய்து பேனாவைத் தூரப் போடுங்கள். பிறகு அது ரேயஸ் கையெழுத்து இல்லை, உங்களுடையது.

அடுத்த பந்துக்கு ஒரு யோசனை. கையெழுத்து வாங்கும் முன்பே ஆல்கஹால் தொட்ட துணியால் பந்தை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். பழைய பாலிஷ் இருந்தால் மை திரண்டு நிற்கும். மார்க்கருக்குப் பதில் எண்ணெய் அடிப்படையிலான பெயின்ட் பேனா கொண்டு போங்கள், அதில் இருப்பது நிறமி, வெளிச்சத்தைக் கொஞ்சம் தாங்கும். கறுப்பு எட்டாம் பந்துக்கு வெள்ளி நிறம் எடுப்பாக இருக்கும்.

என்னைக் கேட்டால் பந்தைவிடக் காகிதமே மேல். போட்டியின் நிகழ்ச்சிக் கையேடு, நுழைவுச்சீட்டு, இப்படி. ரேயஸ் 1994-ல் யுஎஸ் ஓப்பன் நைன் பால் என்ற பூல் போட்டியை வென்றார், அமெரிக்கர் அல்லாத ஒருவர் அதை வென்றது அதுவே முதல் தடவை. அந்த வருடக் கையேட்டில் அவர் கையெழுத்து இருந்தால், என்னிடமுள்ள பந்துகள் அத்தனையும் கொடுத்து மாற்றிக்கொள்வேன். காகிதத்தை பிவிசி உறையில் மட்டும் போடாதீர்கள், மை உறையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

ஒன்பதுபால்:

மொஸ்கோனி கியூ பற்றி நான் சொல்கிறேன். வில்லி ஹாப், மொஸ்கோனி போன்ற ஆட்டக்காரர்கள் பெயரைக் கையெழுத்து வடிவிலேயே அச்சிட்டு அந்தக் காலத்தில் கியூக்கள் விற்றார்கள். அவை போலி இல்லை, தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்தவை. ஆனால் அவர் கை அதில் பட்டதே இல்லை. கியூவை விளக்கின் கீழே சாய்த்துப் பாருங்கள். அச்சு என்றால் எழுத்து வார்னிஷுக்கு அடியில் இருக்கும், பளபளப்பு அதன்மேல் தடையில்லாமல் ஓடும். பேனாவில் போட்டது என்றால் அந்தக் கோட்டில் பளபளப்பு உடையும். பூதக்கண்ணாடியில் கோடுகள் குறுக்கே வெட்டும் இடத்தில் மை அடர்ந்திருக்கும், அச்சில் எல்லாம் ஒரே சீர். கையெழுத்து வாங்கிய பிறகு வார்னிஷ் அடித்தவர்களும் உண்டு, ஆகவே இது ஒன்றை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள்.

சான்றிதழ் என்ற காகிதத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். யார் கொடுத்தது என்பதுதான் கேள்வி. பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் மாதிரி கையெழுத்தைச் சரிபார்க்கும் நிறுவனங்கள் என்றால் அதன் எண்ணை அவர்கள் தளத்திலேயே போட்டுப் பார்க்கலாம். அதுவும் பெரும்பாலும் நிபுணர் கருத்துதான், கண்ணால் பார்த்த சாட்சி இல்லை.

தேதியையும் பாருங்கள். மொஸ்கோனி 1993-ல் இறந்தார், அவர் பெயரிலான மொஸ்கோனி கோப்பை என்ற பூல் போட்டி 1994-ல்தான் தொடங்கியது. அந்தக் கோப்பையின் கையேட்டில் அவரே போட்ட கையெழுத்து என்று யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு நகர வேண்டியதுதான். ‘526’ என்று எழுதிக் கையெழுத்திட்டது என்றால், அது அவர் தவறவிடாமல் தொடர்ந்து குழியில் போட்ட பந்துகளின் எண்ணிக்கை, அந்தத் தொடர் ஓட்டம் 1954-ல் நடந்தது. அதற்கு முந்தைய பொருளில் இருந்தால் எப்போது எழுதி வாங்கியது என்று கேளுங்கள்.

பழைய சாக்:

சரியாகச் சொன்னீர்கள். மினசோட்டா ஃபேட்ஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் விஷயத்திலும் கவனம். ரப்பர் ஸ்டாம்ப் வைத்து ஆட்டோகிராஃப் குத்திக் கொடுத்தவர் அவர். அவரே கையால் கொடுத்தது என்றாலும் அது கையெழுத்து ஆகாது. எனக்கு என்னவோ அந்த ஸ்டாம்ப்தான் அவருக்குப் பொருத்தம் என்று படுகிறது, அது வேறு கதை.

கரம்போர்டு:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் ஆடும் கியூவிலேயே கையெழுத்து வாங்கலாமா? உங்கள் பெயரையும் சேர்த்து எழுதட்டுமா என்று ஆட்டக்காரர்கள் கேட்பார்களாமே, வேண்டாம் என்று சொல்லலாமா?

ஒன்பதுபால்:

வாங்குங்கள், ஆனால் ஷாஃப்டில் (கியூவின் மெல்லிய முன்பாதியில்) வேண்டாம். கியூ நுனியில் தேய்க்கும் சாக் தூசியும் துடைப்பதும் சேர்ந்து சீக்கிரமே அழித்துவிடும். பிடிக்கு மேலே உள்ள பகுதியில் வாங்குங்கள், பின்னால் கியூவுக்கு மெருகு போடக் கொடுத்தால் போச்சு, அதையும் நினைவில் வையுங்கள். பெயர் எழுதினால் விற்கும்போது விலை குறையும். விற்கப் போவதில்லை என்றால் எழுதச் சொல்லுங்கள், போலி செய்பவன் அதைச் செய்ய மாட்டான். ஆட்டம் நடக்கும்போது மட்டும் கேட்காதீர்கள், தோற்று வெளியே வருபவரிடமும் கொஞ்சம் பொறுங்கள்.

வெள்ளைப்பந்து:

இருவருக்கும் நன்றி. விளக்கில் சாய்த்து எடுத்த படம் விற்பவரிடம் கேட்டு வாங்கினேன். பளபளப்பு எழுத்தின்மேல் தடையில்லாமல் ஓடுகிறது. கையெழுத்து விலைக்கு வாங்கப் போவதில்லை.

பழைய சாக்:

அச்சிட்ட கியூ என்ற விலைக்கு இறங்கினால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதுவும் சேர்க்கிற பொருள்தான்.