ஃப்ளை கட்டர் ஓட்டினால் பாஸுக்குப் பாஸ் படி விழுகிறது, என்ன செய்யலாம்?

மாடிப்பட்டறை: வணக்கம். என்னிடம் இருப்பது எக்ஸ்2 வகை மினி மில் (சிறிய மில்லிங் மெஷின்). 6061 அலுமினியத் தட்டை 40 மி.மீ. ஃப்ளை கட்டரால் (ஒற்றை டூல் சுழன்று வெட்டும் கட்டர்) ஃபேஸ் செய்கிறேன், அதாவது மேற்பரப்பைச் சமமாகச் சீவுகிறேன். ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல், 2000 ஆர்பிஎம், கடைசி கட் 0.1 மி.மீ. எக்ஸில் (இடவலமாக) ஒரு பாஸ், அதாவது ஒரு தடவை வெட்டு, ஓட்டி, ஒய்யில் (முன்பின்னாக) நகர்த்தி அடுத்ததை ஓட்டினால் இரண்டும் சேரும் இடத்தில் நகம் தட்டுகிறது. அங்கங்கே இழுவிப் பூசினாற்போலவும் இருக்கிறது. இன்னும் கடினமான கார்பைடு டூல் வாங்கினால் சரியாகுமா?

சுழல்: முதலில் வேகத்தைக் குறைங்க. ஒற்றை டூல், பேலன்ஸே இருக்காது, குட்டி மெஷின் ஆடாமல் என்ன செய்யும்? 40 மி.மீ.க்கு 800 போதும். கார்பைடுக்கு இப்போது காசைக் கொட்ட வேண்டாம்.

பழைய ஃபிட்டர்: வேகத்தைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் படி விழுவது அதனால் இல்லை தம்பி. ஹெட் (கட்டரைச் சுழற்றும் மேற்பகுதி) முன்பின்னாகச் சாய்ந்திருக்கிறது. பவரை எடுத்துவிட்டு, ஸ்பிண்டிலில் (கட்டர் மாட்டும் சுழல் தண்டு) டயல் (நுண்ணிய உயர வித்தியாசம் காட்டும் அளவி) மாட்டிக் கையால் சுற்றி, டேபிளின் முன்னும் பின்னும் என்ன காட்டுகிறது என்று சொல்லுங்கள்.

மாடிப்பட்டறை: 150 மி.மீ. இடைவெளியில் 0.15 வித்தியாசம் வருகிறது அண்ணா.

பழைய ஃபிட்டர்: அதேதான். ஆயிரத்துக்கு ஒன்று சாய்வு. 40 மி.மீ. கட்டருக்குக் கிட்டத்தட்ட 0.04 படி, நகம் தட்டாமல் இருக்குமா? இந்த மெஷினில் இடவலச் சாய்வைத் தூணைத் தளர்த்தித் திருத்தலாம், முன்பின்னுக்கு அந்த வசதி கிடையாது. தூண் அடிப்பாகத்தோடு சேரும் இடத்தில் ஷிம் (மெல்லிய தகடு) வைக்க வேண்டும். மேல், கீழ் போல்ட்டுகளுக்கு நடுவே 75 மி.மீ. இருந்தால் 0.075 ஷிம். மேலா கீழா என்பதை ஒருமுறை வைத்து டயலில் பார்த்துவிடுங்கள். ஹெட் நேராகிவிட்டால் கட்டரின் பின்பக்கமும் லேசாக உரசி, தடம் குறுக்கும் மறுக்குமாக விழும்.

இழுவல் வேறு சங்கதி. அலுமினியம் டூல் முனையில் ஒட்டிக்கொள்கிறது. முனையை ஆயில் ஸ்டோனில் தீட்டி, பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் தடவுங்கள். ஒய்யையும் இசட்டையும் (மேல்கீழ் நகர்வு) லாக் செய்துவிட்டே ஓட்டுங்கள்.

மாடிப்பட்டறை: ஷிம் வைத்தேன், படி போய்விட்டது! மண்ணெண்ணெய்க்கு அப்புறம் பளபளப்பும் வந்துவிட்டது. நடுவில் சில இடங்களில் மட்டும் வளையக் கோடு தெரிகிறது.

சுழல்: ஹேண்டிலில் கை மாற்றும்போது ஃபீட் (டேபிள் நகர்வது) நிற்கிறது, கட்டர் அதே இடத்தில் சுற்றிக் கோடு போடுகிறது. கடைசி பாஸை நிறுத்தாமல் ஒரே சீராக, நிமிடத்துக்கு 40 மி.மீ. அளவில் ஓட்டிப் பாருங்க.