ஓட்டுநரின் சொந்தக் கைப்பேசியில் கம்பெனி மின்னஞ்சல்: தொலைந்தால் எதை அழிப்பது?

கிடங்கு மேசை (பிறை):
வணக்கம். பினாங்கு பிறையில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஒரு நாள் பிரிண்டரைச் சரிசெய்து தொலைத்தேன். அன்றிலிருந்து அலுவலகத்தின் கணினித் துறையும் நானே.

ஓட்டுநர்கள் 14 பேர். டெலிவரி ஆர்டர், வாடிக்கையாளர் முகவரி, கையெழுத்துப் படம் எல்லாம் அவரவர் சொந்தக் கைப்பேசியில், மின்னஞ்சல் வழியாகத்தான். போன மாதம் ஓர் அண்ணன் வேலை முடிந்து பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறப் போனபோது கைப்பேசியைத் தவறவிட்டார். முதலாளி “உடனே அழி” என்றார். மின்னஞ்சல் நிர்வாகப் பக்கத்தில் போய் அழுத்திவிட்டேன்.

மறுநாள் காலை கைப்பேசி கிடைத்தது. தேநீர்க் கடைக்காரர் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். திறந்தால், புதிதாக வாங்கியதுபோல மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நிற்கிறது. அவருடைய அம்மா கடைசியாகப் போன தைப்பூசத்தில், தண்ணீர்மலைப் படிகளில் எடுத்த படங்கள் அதில்தான் இருந்தன. வேறு எங்கும் நகல் இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது எல்லார் கைப்பேசியிலும் நிர்வாகச் செயலி போடவேண்டும் என்கிறார் முதலாளி. எல்லாரும் கைப்பேசியைத் தர மறுக்கிறார்கள். நான் என்ன செய்வது?

பாயான் லெப்பாஸ்காரன்:
அக்கா, நீங்கள் அழுத்தியது முழுக் கைப்பேசியையும் துடைக்கும் கட்டளை. உங்கள் மின்னஞ்சல் மைக்ரோசாப்ட்டின் எக்ஸ்சேஞ்ச் என்றால், கம்பெனிக் கணக்கை மட்டும் அழிக்கும் கட்டளை அங்கேயே தனியாக இருக்கிறது. கைப்பேசியோடு வரும் மின்னஞ்சல் செயலியில் கம்பெனிக் கணக்கைச் சேர்க்கும்போது, தொலைவிலிருந்து அழிக்கும் உரிமையையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறோம். அவுட்லுக் செயலியாக இருந்திருந்தால் அதற்குள் இருந்தது மட்டுமே போயிருக்கும்.

ஆண்ட்ராய்டுக்குச் சரியான வழி பணிச் சுயவிவரம் (work profile). வேலைச் செயலிகள் தனி அறையில் இருக்கும். அவற்றின் படத்தில் ஒரு சிறிய பெட்டிச் சின்னம் தெரியும். சொந்தப் படங்கள், செய்திகள், அழைப்புகள் எதுவும் நிர்வாகியின் கண்ணில் படாது. ஆள் வேலையை விட்டுப் போனால் அந்த அறையை மட்டும் காலி செய்யலாம். ஓடிக்கொண்டிருக்கும் கைப்பேசியிலேயே இதைச் சேர்க்கலாம், ரீசெட் தேவையில்லை.

கம்பெனியே வாங்கிக் கொடுக்கும் கருவி வேறு கதை. எங்கள் தொழிற்சாலை டேப்லெட்டுகளை முழு நிர்வாகத்தில் வைத்திருக்கிறோம். முதல் வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டினால் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யக் கேட்கும். சொந்தக் கைப்பேசிக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

புக்கிட் மெர்தாஜாம் லோரி:
நான் ஓட்டுநர். தங்கச்சி, எங்களுக்குச் செயலி பயமில்லை. எதைப் பார்ப்பீர்கள் என்று யாரும் சொல்லாததுதான் பயம். ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே இருக்கிறேன் என்று முதலாளிக்குத் தெரியுமா? முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள். தனிக் கைப்பேசி தருகிறேன் என்றும் ஆரம்பிக்காதீர்கள். முன்பு ஓர் இடத்தில் தந்தார்கள்; அது எப்போதும் சார்ஜ் இல்லாமல் டேஷ்போர்டில் கிடக்கும்.

பாயான் லெப்பாஸ்காரன்:
நியாயமான கேள்வி, அண்ணே. பணிச் சுயவிவரத்தை நீங்களே ஒரே தொடுதலில் நிறுத்தி வைக்கலாம். நிறுத்தினால் வேலைச் செயலிகள் தூங்கிவிடும், அறிவிப்பும் வராது, நீங்கள் இருக்கும் இடமும் அவை வழியாகப் போகாது.

தாள் கட்டு (கோலாலம்பூர்):
சட்டத்தையும் பாருங்கள். 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தப்படி, 2025 ஜூன் 1 முதல், பெரிய பாதிப்பை உண்டாக்கக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்திற்குள் ஆணையருக்குத் தெரிவிக்கவேண்டும். தொலைந்த கைப்பேசியில் யாருடைய அடையாள அட்டைப் படம் இருந்தது என்று அப்போது போய்த் தேட முடியாது. இப்போதே எழுதி வையுங்கள்.

கிடங்கு மேசை (பிறை):
நன்றி. முதலில் என் கைப்பேசியில் போட்டு, நிர்வாகப் பக்கத்தில் எனக்கு என்ன தெரிகிறது என்று ஓட்டுநர்களைக் கூட்டிக் காட்டினேன். மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, வேலைச் செயலிகள், அவ்வளவுதான். ஒன்பது பேர் சம்மதித்தார்கள். படங்களை இழந்த அண்ணன், “முதலாளி கைப்பேசியில் போடு, பிறகு வருகிறேன்” என்றார்.

போடப் போனபோதுதான் தெரிந்தது: முதலாளியின் கைப்பேசிக்குத் திரைப்பூட்டே கிடையாது.