மூடிய ஆலையில் கலைக்கூடம் வந்தால் ஊர் பிழைக்குமா?

தறிநாடா:
ஆளில்லாத தொழிற்பேட்டையில் லாப நோக்கமில்லாத ஒரு கலைக்கூடம் திறந்தால் ஊரே நிமிர்ந்துவிடும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் காட்டுவது அமெரிக்காவின் மாஸ் மோகா கலைக்கூடத்தைத்தான். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த் ஆடம்ஸ் என்ற சின்ன ஊர். அங்கே ஸ்ப்ரேக் எலக்ட்ரிக் கம்பெனியில் கெபாசிட்டர் செய்தார்கள், உச்சத்தில் 4,000 பேருக்கு மேல் வேலை, ஊரில் மொத்தமே 18,000 பேர் சொச்சம்தான், அப்படியென்றால் எத்தனை வீட்டில் அந்தச் சம்பளத்தில் அடுப்பு எரிந்திருக்கும் என்று பாருங்கள். 1985இல் மூடினார்கள். 1999இல் அதே கட்டடங்களில் கலைக்கூடம் வந்தது. சரி, ஊர் பிழைத்ததா? 2020 கணக்கெடுப்பில் 12,961 பேர். இதைப் போய் எப்படி வெற்றி என்கிறீர்கள்?

ஈரச்சுவர்:
ஆலையை மூடியது கலைக்கூடம் இல்லையே, நண்பரே. நாலாயிரம் வேலையைத் திருப்பித் தரவில்லை என்று அதன்மேல் பழி போடுவது நியாயமில்லை. அது வராமல் இருந்திருந்தால் அந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்றுதான் கேட்க வேண்டும்.

அங்கே சோல் லூவிட் என்ற அமெரிக்கக் கலைஞரின் 105 சுவரோவியங்களுக்காக மூன்று மாடிக் கட்டடம் ஒன்றையே ஒதுக்கினார்கள். 2008இல் திறந்தபோது 25 ஆண்டு அப்படியே இருக்கும் என்று அறிவித்தார்கள். மாதாமாதம் படம் விற்று வாடகை கட்டும் எந்தக் கேலரியால் ஒரு சுவரை 25 ஆண்டுக்கு விட்டுவைக்க முடியும்? விற்க வேண்டிய கட்டாயம் இல்லாத இடத்தில்தான் இது நடக்கும்.

அப்புறம் அந்த ஆலையின் மணிக்கூண்டு. ஆலை மூடியபின் ஓய்ந்து கிடந்த மணிகளைக் கிறிஸ்டினா குபிஷ் என்ற கலைஞர் தட்டியும் உரசியும் ஒலிப்பதிவு செய்தார். வெயில் ஏற இறங்க அந்த ஒலி மாறும்படி அமைத்தார், மேகம் மூடினால் ஒரு மாதிரி, பளீரென்று அடித்தால் வேறு மாதிரி. ஒரு காலத்தில் ஷிப்டுக்கு ஓடியவர்கள் கேட்ட மணி அது. கட்டடத்தை இடித்திருந்தால் இதெல்லாம் ஏது?

தறிநாடா:
மணி கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நியூயார்க் நகரின் சோஹோ பகுதியைப் பாருங்கள். பட்டறைகளும் கிடங்குகளும் காலியான மாடிகளில் கலைஞர்கள் குடியேறினார்கள், 1971இல் நகராட்சியே அதைச் சட்டப்படி அனுமதித்தது, பின்னாலேயே துணிக்கடையும் நகைக்கடையும் வந்து வாடகை எகிறி, வந்த கலைஞர்களே கட்ட முடியாமல் போனார்கள். கலை முன்னால் போய் வழி வெட்டிக் கொடுக்கிறது, பணம் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

செங்கல்:
இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். வாடகை யார் கைக்குப் போகிறது என்பதுதான் வித்தியாசம். சோஹோவில் கட்டட முதலாளிக்குப் போனது. மாஸ் மோகாவில் சில கட்டடங்களைக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தைக் கலைக்கூடத்தின் செலவுக்கே எடுத்துக்கொள்கிறார்கள். நாளைக்கு யாராவது உங்களிடம் இப்படி ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தால் முதலில் வாடகை ஒப்பந்தத்தைக் கேளுங்கள், எத்தனை வருடம், யார் பெயரில் என்று. கண்காட்சிப் பட்டியலை அப்புறம் பார்க்கலாம்.

தறிநாடா:
இது நல்ல கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சம்பளக் கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள். 1970இல் ஸ்ப்ரேக் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024 மார்ச்சில் அதே இடத்தில், அதே சம்பளப் பிரச்சினைக்காகக் கலைக்கூட ஊழியர்களும் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். சுவருக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தர முடிகிறது, அதைக் காவல் காப்பவருக்கு?

ஈரச்சுவர்:
அதில் நான் உங்கள் பக்கம்தான். ஆனால் அதற்காக இடத்தையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பூட்டிக் கிடந்த ஆலையில் சம்பளம் கேட்டு வாசலில் நிற்கக்கூட ஆள் இல்லை.