வார்டில் 120 பெட், மாடலில் 127 நோயாளிகள். காத்திருப்போர் வரிசையும் வரவில்லை. எங்கே இடிக்கிறது?

வார்டுக்கணக்கு (கேள்வி)

வணக்கம். ஒரு பொது மருத்துவ வார்டின் நோயாளி ஓட்டத்தை வென்சிமில் (சிமுலேஷன் மென்பொருள்) மாடலாகப் போட்டிருக்கிறேன். நேர அலகு மணி, டைம் ஸ்டெப் (ஒவ்வொரு கணக்கீட்டு அடியின் நீளம்) 0.25. மூன்று ஸ்டாக் (அந்தந்த நேரத்தில் சேர்ந்திருக்கும் எண்ணிக்கை): அவசரப் பிரிவில் பெட்டுக்காகக் காத்திருப்போர், சிகிச்சையில் இருப்போர், டிஸ்சார்ஜ் எழுதியும் கிளம்பாதவர்கள்.

வரத்து மணிக்கு 1. வார்டில் தங்கும் காலம் ரெஜிஸ்டர்படி சராசரி 108 மணி. இதைச் சிகிச்சைக் காலமாகக் கொடுத்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் எழுதியதிலிருந்து ஆள் கிளம்ப 19 மணி. மொத்தம் 120 பெட்.

காலி பெட் = மொத்த பெட் − சிகிச்சையில் இருப்போர்
அட்மிஷன் = மினிமம்(காத்திருப்போர், காலி பெட்) / பெட் ஒதுக்கும் நேரம்

ஒதுக்கும் நேரம் 1 மணி என்றால் காத்திருப்போர் எப்போதும் 1-லேயே நிற்கிறது. 0.1 ஆக்கினால் மைனஸுக்குப் போய், பெரிதாகிக்கொண்டே ஊசலாடுகிறது. வார்டில் மொத்தம் 127 பேர் காட்டுகிறது. நிஜத்திலோ திங்கட்கிழமை காலையில் 8 முதல் 12 பேர் வரை பெட் இல்லாமல் அவசரப் பிரிவிலேயே இருக்கிறார்கள். பெட் எண்ணிக்கையைக் குறைத்து டேட்டாவோடு பொருத்திவிடலாமா?

ஸ்டாக்ஃப்ளோ

பெட் எண்ணிக்கையைத் தொடாதீர்கள். அது எண்ணிப் பார்க்கக்கூடிய விஷயம், அதை வளைத்துப் பொருத்தினால் மாடல் எதற்கும் உதவாது.

127 எங்கிருந்து வந்தது என்பது லிட்டில் விதியிலேயே (உள்ளே இருப்போர் = வரத்து × தங்கும் காலம்) தெரிகிறது: மணிக்கு 1 × (108 + 19) = 127. இதில் இரண்டு கோளாறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கின்றன.

முதலாவது, டிஸ்சார்ஜ் எழுதியவர் கிளம்பும் வரை பெட்டில்தான் இருக்கிறார். உங்கள் சமன்பாட்டில் அவர் கணக்கில் இல்லை. 19 பேர் படுத்திருக்கும் பெட்டுகள் காலி என்று நினைத்து மாடல் அடுத்தவரை ஏற்றுகிறது. 120 − 108 = 12 பெட் எப்போதும் காலியாகத் தெரியும்போது வரிசை எப்படி வரும்?

இரண்டாவது, ரெஜிஸ்டரில் உள்ள 108 மணி அட்மிஷனிலிருந்து ஆள் வெளியே போகும் வரை. கிளம்பும் தாமதம் அதற்குள்ளேயே இருக்கிறது. அதன்மேல் இன்னொரு 19 சேர்த்தால் இரட்டைக் கணக்கு. சிகிச்சைக் காலம் 89 என்று கொடுங்கள். 89 + 19 = 108 பேர், அதாவது 90 சதவீதம்.

பெட்டையும் தனி ஸ்டாக்காகவே வையுங்கள்: காலி, நோயாளி உள்ளது, சுத்தம் செய்யப்படுவது. ஆள் கிளம்பிய பெட் நேரே காலிக்குப் போகாமல் சுத்தம் வழியாகப் போகட்டும். அதற்கு 1.5 மணி என்றால் சராசரி 1.5 பெட் அங்கேயே சிக்கியிருக்கும். மூன்றின் கூட்டுத்தொகை எந்த நேரத்திலும் 120. அதை ஒரு சோதனை மாறியாக வைத்துக்கொண்டால், இனி யார் சமன்பாட்டைக் கெடுத்தாலும் உடனே மாட்டும்.

ஊசலாட்டம் வேறு கதை. ஒதுக்கும் நேரம் 0.1, டைம் ஸ்டெப் 0.25 என்றால் ஒவ்வொரு அடியிலும் ஸ்டாக்கில் இருப்பதைப்போல் 2.5 மடங்கை வெளியே எடுக்கிறீர்கள். மைனஸுக்குப் போகாமல் என்ன செய்யும்? டைம் ஸ்டெப் மாடலிலேயே மிகக் குறைந்த தாமதத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஒதுக்கும் நேரம் 1, டைம் ஸ்டெப் 0.125, இன்டெக்ரேஷன் (ஓட்டங்களை அடி அடியாகக் கூட்டும் முறை) ஆய்லர். அந்த ‘எப்போதும் 1’ பிழையே அல்ல. மணிக்கு 1 வரத்து × 1 மணி ஒதுக்கும் நேரம், அவ்வளவுதான்.

வார்டுக்கணக்கு

மாற்றிவிட்டேன். வார்டில் 108, பெட் கூட்டுத்தொகை 120-ல் அசையாமல் நிற்கிறது. ஆனால் திங்கட்கிழமை வரிசை இன்னும் வரவில்லை.

வரிசைவிதி

வராதுதான். வரத்தும் டிஸ்சார்ஜும் 24 மணி நேரமும் சீராக ஓடும் மாடலில் 90 சதவீதம் நிரம்பிய வார்டில் வரிசையே இருக்காது. மூன்று அசைவுகளைச் சேர்க்க வேண்டும்.

நாளுக்குள் நடப்பது: கிளம்புவோர் பெரும்பாலும் பகல் 12 முதல் இரவு 8 வரைதான் போகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், அந்த 8 மணி நேரத்துக்கு 3, மற்ற நேரத்துக்கு 0 என்று ஒரு பெருக்கியைக் கிளம்பும் ஓட்டத்தில் போடுங்கள். 24 மணி சராசரி 1 வர வேண்டும். இதைப் போட்டதும் கிளம்பாதவர்களின் சராசரி 19-லிருந்து 20-க்கு நகரும். தாமதத்தை 18 என்று மாற்றினால் திரும்பவும் 19-க்கு வந்துவிடும். இந்தச் சின்னத் திருத்தத்தைப் பலரும் விட்டுவிடுவார்கள். இப்போது வார்டு நண்பகலில் 117, இரவு 8-க்கு 101. சராசரி அதே 108தான். ஆனால் நண்பகலில் கையில் மூன்றே பெட்.

வாரத்துக்குள்: ஞாயிறு 24-க்குப் பதில் 10 பேர்தான் போகிறார்கள் என்றால் மற்ற ஆறு நாளும் 26-க்குச் சற்று மேல் போக வேண்டும். அப்போது திங்கள் நண்பகல் வழக்கத்தைவிட 7 பேர் கூட: 124. இதோ நாலு பேர் வரிசை.

மிச்சம் தற்செயல் ஏற்ற இறக்கம். வரத்து பாய்சான் (ஒருவர் வருவது மற்றவரைச் சாராத தற்செயல் வரத்து) என்றால் வார்டு எண்ணிக்கையின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) ஏறக்குறைய 108-ன் வர்க்கமூலம், அதாவது 10. திங்களன்று 124-ன் மேல் 10 ஏறினால் உங்கள் 8–12 என்ன, அதற்கு மேலும் போகும்.

ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு டைம் ஸ்டெப்பிலும் நார்மல் ரேண்டம் எண்ணைக் கூட்டினால், டைம் ஸ்டெப்பைச் சுருக்கச் சுருக்க ஏற்ற இறக்கம் சராசரியில் கரைந்துவிடும். மணி வரத்து × டைம் ஸ்டெப் என்ற சராசரியில் பாய்சான் எண் எடுத்து, அதை டைம் ஸ்டெப்பால் வகுத்து ஓட்டமாகக் கொடுங்கள். நாள் வரத்தின் திட்ட விலக்கம் 5-ஐ ஒட்டி வந்தால் சரி. ஒரே சீடில் (ரேண்டம் எண் வரிசையின் தொடக்க எண்) ஓட்டிப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

ஸ்டாக்ஃப்ளோ

மேலே சொன்னதோடு இதையும் சேருங்கள்: 89 மணி என்ற ஒற்றைச் சராசரியைப் பிரியுங்கள். உதாரணமாக 90 சதவீதம் பேர் 60 மணி, 10 சதவீதம் பேர் 350 மணி என்றாலும் சராசரி 89தான். ஆனால் அந்தப் பத்தில் ஒருவர் 35 பெட்டைப் பிடித்திருப்பார்கள், மற்ற எல்லோருக்கும் சேர்த்து 54. எந்தக் கொள்கை பலிக்கும் என்பது இந்தப் பிரிவில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்றாம் வரிசைத் தாமதம் (third-order delay: தாமதத்தை அடுத்தடுத்த மூன்று கட்டங்களாகப் பிரிப்பது) போடுங்கள். முதல் வரிசை (ஒரே கட்டம்) என்றால் அட்மிட் ஆன அடுத்த மணியிலேயே சிலர் குணமாகிவிடுவார்கள். நிலைத்த நிலையில் எண்ணிக்கை மாறாது, ஆனால் திடீர் கூட்டம் வந்தால் வார்டு காலியாகும் வேகம் தப்பாக வரும்.

ஸ்டாக்குகளை 54, 35, 19 என்று ஆரம்பியுங்கள். சுழியிலிருந்து ஆரம்பித்தால் முதல் 1,000 மணியை அளவில் சேர்க்காதீர்கள்.

வார்டுக்கணக்கு

நன்றி. இதை வைத்து இரண்டை ஒப்பிட வேண்டும்: 10 பெட் கூட்டுவது, டிஸ்சார்ஜை 12–8-லிருந்து 9–5-க்கு முன்னே நகர்த்துவது.

வரிசைவிதி

நகர்த்துவதை மட்டும் நம்பாதீர்கள். வரத்து சீராக இருந்தால் நாளுக்குள் ஏறி இறங்கும் 16 பேர் அப்படியே இருப்பார்கள்; உச்சம் 12-லிருந்து 9-க்கு மாறும், அவ்வளவே. ஒவ்வொருவரும் நிஜமாகவே 3 மணி முன்னே போனால்தான் சராசரியில் 3 பெட் மிச்சம். வரத்து மாலையில்தான் கூடுகிறது என்றால் லாபம் அதிகம். எனவே மணிவாரி வரத்தைப் போட்டுவிட்டு ஓட்டுங்கள். கிளம்பும் தாமதத்தை 19-லிருந்து 12-க்குக் குறைப்பதை மூன்றாவது வாய்ப்பாகச் சேருங்கள். அது 7 பெட்டுக்குச் சமம்.

இன்னொன்று: இந்த வார்டுக்கே திட்டமிட்ட அட்மிஷனும் வருமா? வரும் என்றால் தள்ளிவைத்தவர்களுக்கு ஒரு ஸ்டாக் போடாமல் 10 பெட்டைச் சோதிக்காதீர்கள். நெருக்கடியில் முதலில் தள்ளிப்போவது அவர்கள்தான். பெட் கூட்டினாலும் அதை முதலில் நிரப்புவது அந்தப் பட்டியலே. அவசரப் பிரிவு வரிசையை மட்டும் பார்த்தால் 10 பெட்டும் வீணானதுபோல் தெரியும்.