பிப்ரவரி 28: பாலிமர் விஞ்ஞானிகளில் யார் படம் வைக்கலாம்?

முதுநகர் டீச்சர்:
கடலூர் முதுநகரில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். தேசிய அறிவியல் நாள் என்றால் ராமன் படத்துக்கு மாலை, ரெண்டு பேச்சு, மிட்டாய், அவ்வளவுதான். இந்த வருஷம் கூடவே பாலிமர், அதாவது பிளாஸ்டிக், நைலான், ரப்பர் மாதிரிப் பொருள்களின் வேதியியலில் சாதித்த மூணு நாலு பேரைக் கௌரவிக்கலாம் என்று நினைக்கிறேன். நோபல் பட்டியலில் ஸ்டாடிங்கர், சீக்ளர், நாட்டா, ஃபுளோரி என்று போகிறது. பேரும் வருஷமும் எழுதி ஒட்டினால் ஒரு பிள்ளையும் நின்று படிக்காது. பாதிப் பேர் கடற்கரைப் பிள்ளைகள். யாரை வைக்கலாம்?

தேவனாம்பட்டினத்தான்:
டீச்சர், நோபலை ஓரமாக வையுங்கள். வாலஸ் கரோதர்ஸ் படத்தை வையுங்கள். அமெரிக்காவில் டுபாண்ட் ஆய்வகத்தில் நைலானை முதலில் செய்தது 1935 பிப்ரவரி 28, அதாவது உங்கள் விழா நாளேதான்! எங்கள் தாத்தா காலத்தில் பருத்தி நூல் வலை, கரைக்கு வந்ததும் காயப்போடாவிட்டால் இற்றுப்போகும், நைலான் வந்துதான் அந்த வேலை ஒழிந்தது. மனுஷன் 1937இல் 41 வயதில் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார், நைலான் கடைக்கு வந்ததைப் பார்க்கவே இல்லை. இறந்தவருக்கு நோபலும் கிடையாது.

காலாப்பட்டு ஆய்வு மாணவன்:
ஒரு சின்னத் திருத்தம் அண்ணே. அவர் செய்தது நைலான் 66 என்ற வகை. வலைக்கு இங்கே அதிகம் ஓடுவது நைலான் 6, அது 1938இல் ஜெர்மனியில் பால் ஷ்லாக் செய்தது. அவர் பேரையும் போடுங்கள்.

ஆனால் ஸ்டாடிங்கரை மட்டும் விட்டுவிடாதீர்கள் டீச்சர். ரப்பர், செல்லுலோஸ் எல்லாம் ஆயிரக்கணக்கான அணுக்கள் கோத்த நீளமான மூலக்கூறு என்று 1920இல் சொன்னார். அன்றைய பெரிய தலைகள் ஒத்துக்கொள்ளவில்லை, சின்ன மூலக்கூறுகள் ஒட்டிக் கிடக்கின்றன என்றார்கள். பிள்ளைகளுக்குச் சொல்வதானால், குவித்து வைத்த உதிரிப்பூவா, நாரில் தொடுத்த சரமா என்பதுதான் சண்டை. சரம்தான் என்று ஊர் ஒத்துக்கொண்டு நோபல் கொடுத்தபோது 1953 ஆகிவிட்டது, அவருக்கு வயது 72.

சிப்காட் ஷிப்ட்காரன்:
சீக்ளருக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் வைத்தால் போதும். அவர் ஆய்வகத்தில் கலனில் ஒட்டியிருந்த துளி நிக்கல் ஒரு வினையைக் கெடுத்தது. ஏன் கெட்டது என்று மற்ற உலோகங்களையும் போட்டுப் பார்க்கப் போய், அதிக அழுத்தமே இல்லாமல் பாலிஎத்திலீன் என்ற குடத்துப் பிளாஸ்டிக்கைச் செய்யும் வழி 1953இல் கிடைத்தது. கழுவாத பாத்திரத்துக்கு 1963இல் பாதி நோபல் என்று நாங்கள் கிண்டல் பண்ணுவோம். மீதிப் பாதி நாட்டாவுக்கு, சாக்கு நெய்கிற பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்குக்காக. அரிசிச் சாக்கு ஒன்றை மாட்டிவிடுங்கள்.

நம் நாட்டவர் வேண்டுமென்றால் எஸ். சிவராம். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தவர், 2006இல் பத்மஸ்ரீ.

முதுநகர் டீச்சர்:
சரி, முடிவாகிவிட்டது. குடமும் சாக்கும் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பூச்சரம் பிள்ளைகளே தொடுப்பார்கள். தேவனாம்பட்டினத்துத் தம்பி, கிழிந்த நைலான் வலைத் துண்டு ஒன்று கிடைக்குமா? பழைய பருத்தி வலை யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் அதையும் கேட்டுப் பாருங்களேன்.