வாஷிங்டன் டிசி 2010 மேயர் எலெக்‌ஷன், அப்ப அங்க இருந்தவங்க உங்க அனுபவத்த எழுதுங்க

நான் அப்ப ஹெச் ஸ்ட்ரீட் பக்கம் வாடகைக்கு இருந்தேன். ஹெச்1பி, அதனால ஓட்டு கிடையாது. ஆனா செப்டம்பர் 14 டெமாக்ரட் ப்ரைமரிய (கட்சி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற தேர்தல்) மறக்கவே முடியல, அந்த ஊர்ல ப்ரைமரில ஜெயிச்சா மேயர் ஆன மாதிரிதான். 2006-ல ஒரு ப்ரிசின்க்ட் (ஓட்டுச்சாவடி வட்டாரம்) விடாம ஜெயிச்சு மேயரான ஏட்ரியன் ஃபென்டி நாலே வருஷத்துல வின்சென்ட் கிரே கிட்ட தோத்துட்டாரு. ரெண்டு பேருமே கறுப்பினத்தவங்க, அப்புறம் எப்படி வெள்ளக்காரங்க இருக்கற ஏரியா ஃபென்டிக்கும் கறுப்பினத்தவங்க ஏரியா கிரேவுக்கும் போச்சுன்னு எனக்கு சுத்தமா புரியல.

புரிய வச்சது பக்கத்து வீட்டம்மா. எழுபது வயசு தாண்டினவங்க, மேம்னுதான் கூப்பிடுவேன், சாயங்காலம் வாசப்படில உக்காந்து பேசிட்டிருப்போம். 1968-ல மார்ட்டின் லூதர் கிங்க சுட்டுக் கொன்னப்ப கலவரத்துல இந்த தெரு எரிஞ்சத நேர்ல பாத்தவங்க. அதுக்கப்புறம் நாப்பது வருஷமா நல்ல கடை வேணும், விளக்கு வேணும்னு கேட்டுக் கேட்டு ஓஞ்சு போனவங்க. இப்ப ஃபென்டி ஆட்சில திடீர்னு ட்ராமுக்கு தண்டவாளம் போடறாங்க, ஊர்ல சைக்கிளுக்கு தனி லேன், நாய்க்கு தனி பார்க். "நாங்க கேட்டப்ப எதுவும் வரலப்பா, நீங்கல்லாம் குடி வந்தப்புறம்தான் வந்துச்சு"ன்னாங்க. கோவமே இல்லாம சொன்னாங்க, அந்த "நீங்கல்லாம்"ல நானும் இருக்கேன்னு அன்னிக்குதான் உறைச்சுது.

இன்னொன்னு, ஸ்கூல் விஷயம். அந்த ஜூலைல, ஃபென்டி நியமிச்ச ஸ்கூல் துறைத் தலைவர் மிஷெல் ரீ 241 டீச்சர்கள வேலைய விட்டு எடுத்தாங்க, அதுக்கு முன்னாடியே நெறைய ஸ்கூல மூடியாச்சு. ஸ்கூல் நல்லா ஆகணும்னு செஞ்சதுன்னு என் ஆபீஸ்ல எல்லாரும் கை தட்டினாங்க. மேம் சொன்னது வேற. அவங்க தலைமுறைல ஒரு கறுப்பினக் குடும்பம் சொந்த வீடு வாங்குச்சுன்னா வீட்ல யாராவது ஒருத்தர் டீச்சராவோ கவர்மென்ட் உத்தியோகத்துலயோ இருந்திருப்பாங்க, அந்த ஏணியத்தான் உருவறாங்கன்னாங்க.

---

அண்ணா, நான் அனகோஸ்டியா நதிக்கு அந்தப் பக்கம், கறுப்பினத்தவங்க அதிகமா இருக்கற 7-வது வார்டுல ஒரு கடைல வேலை பாத்தேன். 7, 8 ரெண்டு வார்டுலயும் கிரேவுக்கு நூத்துக்கு எண்பதுக்கு மேல ஓட்டு. முடி வெட்டற இடத்துல அந்த வாரம் பூரா இதே பேச்சுதான். 1970-ல நூத்துக்கு எழுபத்தோரு பேர் கறுப்பினத்தவங்களா இருந்த ஊரு, சாக்லேட் சிட்டின்னு பெருமையா சொல்லிக்கிட்ட ஊரு, 2010 சென்சஸ்ல அது நூத்துக்கு அம்பது பேர்னு ஆயிருச்சு. "ஃபென்டி ஒண்ணும் செய்யலன்னு யாரும் சொல்லல, செய்யறதுக்கு முன்னாடி எங்களயும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல"னு அந்த பார்பர் கேட்டாரு. நம்மூர்லயும் வீட்டுப் பெரியவங்கள கேக்காம பந்தி போட்டா இதே கோவம்தானே வரும்?

---

எனக்கு கொஞ்சம் வேற அனுபவம். நான் டிசிலயே கொலம்பியா ஹைட்ஸ்ங்கற ஏரியால இருந்தேன், கைக்குழந்தை. ஃபென்டி காலத்துல விளையாட்டு மைதானம் எல்லாம் புதுசாச்சு, அது எனக்கு உண்மையிலேயே பெரிய உதவி, அத நான் மறைக்க மாட்டேன். ஆனா பார்க்ல தினம் பேசற ஒரு பாட்டி, அவங்களுக்கும் அந்த பார்க் ரொம்ப புடிக்கும், பேரன்தான் கூட இல்ல. பொண்ணால இங்க வாடகை குடுக்க முடியாம மேரிலேண்டுக்கு போயிட்டா. பெஞ்சுல தனியா உக்காந்து என் குழந்தை சறுக்கறத பாத்துக்கிட்டே இருப்பாங்க.

---

சிஸ்டர், நீங்க சொன்னதும் மேம் ஞாபகம்தான். அவங்களும் வீட்ட வித்துட்டு பக்கத்துல மேரிலேண்ட்ல இருக்கற பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுன்ட்டிக்கு போயிட்டாங்க. அந்த ட்ராம் ஒரு வழியா 2016 பிப்ரவரிலதான் ஓட ஆரம்பிச்சுது, அன்னிக்கு ஃபோன் பண்ணி சொன்னேன். அவங்க சர்ச் மட்டும் இன்னும் பழைய தெருவுலயே இருக்கறதால ஞாயித்துக்கிழமை கார்ல வர்றாங்க, நாப்பது வருஷம் குடியிருந்த தெருவுல பார்க்கிங் கிடைக்காம சுத்திட்டிருந்தத நானே பாத்தேன்.