கேபரோனா, லூவனா: வடசேரி வீட்டுக் குழு

ஞாயிறு, மாலை 4:10

சாந்தி: எல்லோருக்கும் வணக்கம். ஒரு விஷயம் கேட்க வேண்டும். நம் கவிதாவுக்கு வெளிநாட்டில் வேலை வந்திருக்கிறது. கணக்குத் தணிக்கை நிறுவனம். ஊர் போட்ஸ்வானாவில் கேபரோன். மூன்று வருட ஒப்பந்தம். ஆப்பிரிக்கா என்று கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கமலா மதினி, நீங்கள் அங்கே இருந்தவர்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிரபு, உன் யோசனையும் வேண்டும்.

பிரபு (லூவன்): வாழ்த்துகள் கவிதா! சித்தி, மனதில் பட்டதைச் சொல்கிறேன். அவள் அவசரப்படாமல் ஒரு வருடம் பொறுத்து பெல்ஜியத்துக்கு முயற்சி செய்யட்டும். இங்கே ஓர் ஆளுக்கான ஆண்டு உற்பத்தி சுமார் 55,000 டாலர். போட்ஸ்வானாவில் 7,500 டாலர் அளவுக்குத்தான். ஏழு மடங்கு. சராசரி ஆயுள் இங்கே 82.

கவிதா: அண்ணா, அது டாலரில் அப்படியே மாற்றிய கணக்கு. அங்கே வாடகை, சாப்பாடு எல்லாம் என்ன விலை என்று சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் நான்கு மடங்குக்குள் வந்துவிடும். நம் நாட்டோடு பார்த்தால், உங்கள் டாலர் கணக்கிலேயே போட்ஸ்வானாவில் ஆளுக்கான வருமானம் இரண்டு மடங்குக்கு மேல்.

சண்முகம் பெரியப்பா: நம்மைவிடவா? நிஜமாகவா?

கவிதா: ஆமாம் பெரியப்பா. நானும் முதலில் நம்பவில்லை.

கமலா அத்தை: மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், இப்போதுதான் பார்த்தேன். கவிதா, ரொம்ப சந்தோஷம். சாந்தி, முதலில் நீ பயப்படாதே. 1988இல் நான் மொலெபொலோலே என்ற ஊருக்குக் கணக்கு டீச்சராகப் போனபோது அம்மாவும் உன்னைப் போலத்தான் அழுதார்கள். ஆறு வருடம் அங்கே, அப்புறம் 2007 வரை தலைநகரத்தில். அந்த ஊர்க்காரர்கள் கேபரோன் என்று சொல்ல மாட்டார்கள், ‘ஹாபொரோனே’ என்பார்கள். பெண்களை ‘மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கடையில் நுழைந்ததும் ‘துமேலா மா’ என்று வணக்கம் சொல்லாமல் எதையும் கேட்கக் கூடாது, அது மரியாதை இல்லை. நான் போன முதல் வாரமே அந்த ‘மா’வைக் கேட்டு மனசு ஆறிவிட்டது.

கமலா அத்தை: பிரபு சொன்ன எண் சரிதான். ஆனால் எங்கே தொடங்கினார்கள் என்று பார். 1966 செப்டம்பர் 30இல் சுதந்திரம் வந்தபோது நாடு முழுக்க இருந்த தார்ச்சாலை 12 கிலோமீட்டர். நம் வீட்டிலிருந்து சுசீந்திரம் போய்த் திரும்பினால் தீர்ந்துவிடும் தூரம். நாடோ தமிழ்நாட்டைப் போல நான்கரை மடங்கு, பாதிக்கு மேல் கலஹாரி மணல். பட்டதாரிகள் 22 பேர் என்று அங்கே ஆசிரியர் அறையில் அடிக்கடி சொல்வார்கள். தலைநகரம்கூட நாட்டுக்குள் இல்லை, தென்னாப்பிரிக்கப் பக்கம் மாபெகிங்கில் இருந்து ஆட்சி நடந்தது. ஹாபொரோனேயைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.

கவிதா: உலகத்திலேயே பரம ஏழை நாடுகளில் ஒன்று என்று படித்தேன் அத்தை. அப்புறம் வைரம் கிடைத்தது.

கமலா அத்தை: வைரம் கிடைத்தது மட்டும் கதை இல்லை கண்ணு. பக்கத்தில் எத்தனை நாடுகளில் வைரம் இருக்கிறது! 1967இல் ஒராபாவில் கண்டுபிடித்தார்கள். அந்த நிலம் பமாங்வாட்டோ இனத்தாருடையது. முதல் அதிபர் செரெட்சே காமா அந்த இனத்தின் தலைமைக்குப் பிறந்தவர். எங்கள் மண், எங்கள் வைரம் என்று வைத்துக்கொண்டிருக்கலாம். அவர் என்ன செய்தார்? மண்ணுக்குக் கீழே இருப்பது எந்த இனத்துக்கும் சொந்தம் இல்லை, நாட்டுக்குச் சொந்தம் என்று அதே வருடம் சட்டம் கொண்டுவந்தார். தன் சொந்தக்காரர்களிடமிருந்தே வாங்கி எல்லோருக்கும் வைத்த மனிதர். லண்டனில் படிக்கும்போது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்ததற்காக ஆங்கிலேயர்கள் அவரைப் பல வருடம் சொந்த ஊருக்குள் விடவில்லை. அப்படி நாடு கடத்தப்பட்டவர் திரும்பி வந்து பழிவாங்கவில்லை, பள்ளிக்கூடம் கட்டினார். அவரைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கும்.

கமலா அத்தை: சுரங்கம் நடத்திய டி பியர்ஸ் நிறுவனத்தோடு பேசிப் பேசி 1975க்குள் அரசாங்கத்தின் பங்கைப் பாதிக்குப் பாதி ஆக்கினார்கள். வரி, ராயல்டி எல்லாம் சேர்த்தால் லாபத்தில் ஐந்தில் நான்கு பங்கு அரசாங்கத்துக்கு வரும். என் வகுப்பில் மேசை, நாற்காலி, பாடப்புத்தகம், மத்தியானச் சாப்பாடு எல்லாம் அந்தக் காசில்தான். ஆட்டுப்பட்டியிலிருந்து நேராக வரும் பையனும் அதே புத்தகத்தைத்தான் திறப்பான்.

பிரபு (லூவன்): இது எனக்குத் தெரியாது அத்தை. ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நான் இருக்கும் நாடு வேறு மாதிரிச் செய்தது. 1885 முதல் 1908 வரை காங்கோ முழுவதும் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனிச்சொத்து. ரப்பருக்காக எத்தனை பேரைக் கொன்றார்கள், கைகளை வெட்டினார்கள். அப்புறம் 1960 வரை பெல்ஜியக் குடியேற்ற நாடு. பிரஸ்ஸல்ஸில் பெரிய வளைவுகளையும் பூங்காக்களையும் பார்க்கும்போது அந்த நினைவு வராமல் போகாது.

சண்முகம் பெரியப்பா: காங்கோவிலும் வைரம் இருக்கிறது, செம்பு இருக்கிறது. அங்கே இன்னும் சண்டை ஓயவில்லை.

சண்முகம் பெரியப்பா: ஆனால் கமலா, நீ சொல்வது பழைய கதை. நான் வங்கியில் இருந்தவன், இப்போதைய கணக்கைக் கேட்கிறேன். ஏற்றுமதியில் பெரும்பகுதி ஒரே ஒரு பொருள் என்றால் அது ஆபத்து. சூரத்தில் ஆய்வகத்தில் வைரம் வளர்க்கிறார்கள், விலை சரிந்து கிடக்கிறது. 2024இல் போட்ஸ்வானா பொருளாதாரம் 3 சதவீதம் சுருங்கியது. 58 வருடம் ஆண்ட கட்சியை மக்கள் அந்த வருடமே வீட்டுக்கு அனுப்பினார்கள். 2025 ஆகஸ்டில் ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லை என்று புதிய அதிபர் டூமா போகோ பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார். பிள்ளையை அனுப்பும் முன் இதைப் பார்க்க வேண்டாமா?

சாந்தி: மருந்து இல்லையா? ஐயோ, இதைத்தான் அத்தான் நானும் பயந்தேன்.

கமலா அத்தை: அண்ணன் சொல்வது உண்மை. அதை நான் மறைக்க மாட்டேன். அந்தச் செய்தியை டிவியில் பார்த்த அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரே கிணற்றை நம்பிய தோட்டம் அது. மாட்டிறைச்சி, சுற்றுலா என்று வேறு வழி தேடினார்கள், போதவில்லை. வேலை இல்லாத இளைஞர்கள் நான் இருந்த காலத்திலேயே மத்தியானத்தில் பேருந்து நிலையத்தில் சும்மா நிற்பார்கள். அதில் என் மாணவர்களும் உண்டு.

பிரபு (லூவன்): பெல்ஜியத்துக்கும் கடன் இருக்கிறது பெரியப்பா. நாட்டின் ஒரு வருட உற்பத்தியைவிட அரசாங்கக் கடன் அதிகம். ஓய்வு வயதை 2025இல் 66 ஆக்கினார்கள், 2030இல் 67. அதற்கு எதிராக ரயில் நிற்கிறது, விமானம் நிற்கிறது. ஆனால் என்ன நடந்தாலும் கீழே ஒரு வலை இருக்கிறது. 2022இல் எரிவாயு விலை ஏறி எல்லாமே கையைக் கடித்தது. 2023 ஜனவரியில் எங்கள் சம்பளம் ஒரே நாளில் 11 சதவீதம் ஏறியது. யாரும் கேட்கவில்லை, கெஞ்சவில்லை. விலைவாசி ஏறினால் சம்பளமும் ஏற வேண்டும் என்பது இங்கே உள்ள ஏற்பாடு.

கவிதா: எல்லோருக்குமா அண்ணா? உங்களைப் போன்ற பொறியாளர்களுக்கு மட்டுமா?

பிரபு (லூவன்): ஏறக்குறைய எல்லோருக்கும். எங்கள் வீட்டைச் சுத்தம் செய்ய வாரத்துக்கு ஒருமுறை ஒரு அக்கா வருவார். நான் அவர் கையில் பணம் கொடுப்பதில்லை. அரசாங்கம் பாதிக்கு மேல் செலவை ஏற்கும் சேவைச் சீட்டு என்று ஒன்று உண்டு, மணிக்கு ஒரு சீட்டு. அவருக்கு விடுமுறைச் சம்பளம் உண்டு, ஓய்வூதியம் உண்டு, என்னிடம் இருக்கும் அதே மருத்துவக் காப்பீடு. அவர் குழந்தைக்கும் என் குழந்தைக்கும் அரசாங்கத்திடமிருந்து மாதம் ஒரே அடிப்படைத் தொகைதான் வரும், 170 ஈரோவுக்கு மேல். போன வாரம் மருத்துவர் அறையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒரே மருத்துவரைத்தான் பார்த்தோம்.

கமலா அத்தை: பிரபு, இதைத்தான் நான் கேட்க நினைத்தேன். ஏழு மடங்கு, நான்கு மடங்கு என்பதைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரு நாட்டைப் பார்க்க வேண்டுமென்றால் வீடு கூட்ட வருபவர்கள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். போட்ஸ்வானாவில் வருமான ஏற்றத்தாழ்வு உலகத்திலேயே மிக அதிகமான நாடுகளில் ஒன்று. கவிதா, நீ அங்கே போனால் குளிர்சாதன அறை, கார், பெரிய வணிக வளாகம் என்று பிரபுவுக்குக் குறையாமல் இருப்பாய். ஆனால் சுற்றுச்சுவருக்கு அப்பால் வேறு ஒரு நாடு இருக்கும். அதை நீ பார்க்காமல் இருக்கக் கூடாது என்பது என் ஆசை.

கமலா அத்தை: எங்கள் வீட்டில் உதவிக்கு வந்த மா பற்றி உங்கள் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ஓல்ட் நலேடி என்ற பகுதியிலிருந்து வருவார். தலைநகரத்தைக் கட்டிய கூலியாட்கள் போட்ட குடிசைகள்தான் அந்த ஊர். ஒரு தெருவுக்கு ஒரு குழாய். என் சம்பளத்தில் அவர் வாங்கியது எத்தனையில் ஒரு பங்கு என்று நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. அவருடைய மகள் எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு. சாயங்காலம் எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து பின்னக் கணக்குப் போடுவாள்.

கமலா அத்தை: 1999, 2000ஆம் வருடங்களில் எயிட்ஸ் ஊரைத் தின்றுகொண்டிருந்தது. சனிக்கிழமை விடியற்காலையில்தான் அடக்கம் செய்வார்கள். ஒரு சனிக்கிழமையில் நான் மூன்று இடத்துக்குப் போயிருக்கிறேன். திங்கட்கிழமை வருகைப் பதிவு எடுக்கும்போது எந்தப் பெயரில் நாக்கு நிற்கும் என்று தெரியாது. சராசரி ஆயுள் 50க்கும் கீழே போய்விட்டது. நம் இனமே அழிந்துவிடும் ஆபத்து என்று அதிபர் மொகாயே வெளிப்படையாகச் சொன்னார். 2001 கடைசியில் எங்கள் மாவும் படுத்துவிட்டார். கை குச்சி மாதிரி ஆகிவிட்டது. மகள் என்னிடம் வந்து, ‘மா, நான் படிப்பை நிறுத்தட்டுமா?’ என்று கேட்டாள்.

சாந்தி: ஐயோ.

கமலா அத்தை: 2002 ஜனவரியில் பிரின்சஸ் மரீனா ஆஸ்பத்திரியில் அரசாங்கம் மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. ஆப்பிரிக்காவில் நாடு முழுவதற்கும் அப்படிக் கொடுத்த முதல் நாடு அதுதான். விடியும் முன்னே என் காரில் கூட்டிக்கொண்டு போனேன். வரிசை வாசலுக்கு வெளியே வரை நின்றது. அமைச்சகத்தில் வேலை பார்ப்பவர், போலீஸ்காரர், எங்கள் மா, எல்லோரும் ஒரே மரப்பெஞ்சில். அன்றைக்கு அந்த வரிசையில் ஓல்ட் நலேடி என்று தனியாக எதுவும் இல்லை. நான்கு மாதத்தில் மா எழுந்து நடந்தார். ஆறாவது மாதம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார், கையில் ஒரு தர்பூசணியோடு.

பிரபு (லூவன்): அத்தை, இது எதுவும் எனக்குத் தெரியாது. என் எண்களில் இது வரவே வராது.

கமலா அத்தை: உன் எண்ணிலும் இருக்கிறது தம்பி. ஆயுள் இப்போது 65க்கு மேல் ஏறியிருக்கிறதே, அதில் எங்கள் மாவும் இருக்கிறார். வயதான குடிமக்கள் யாருக்கும் அங்கே அரசாங்க ஓய்வூதியம் உண்டு, 1996இல் தொடங்கியது. அவருக்கு இப்போது அது வருகிறது. அதனால்தான் மருந்துத் தட்டுப்பாடு என்றதும் எனக்கு அப்படி ஆனது. அந்த மரப்பெஞ்சு காலியாகக் கூடாது.

சண்முகம் பெரியப்பா: சரி கமலா. நான் கேட்டது தப்பில்லை, நீ சொன்னதும் எனக்குப் புரிகிறது. இப்போது கவிதா என்ன செய்ய வேண்டும், அதைச் சொல்.

கமலா அத்தை: போகலாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயத்தைக் கேள் கவிதா. மருத்துவக் காப்பீட்டை நிறுவனம் முழுதாகக் கட்டுகிறதா? வீடு அவர்கள் தருகிறார்களா? ஒப்பந்தம் முடியும்போது கிராஜுவிட்டி எத்தனை சதவீதம்? எனக்கு வந்த கிராஜுவிட்டியில்தான் இந்த மாடியைக் கட்டினோம். சம்பளம் பூலாவில் எழுதியிருக்கும். பூலா என்றால் அவர்கள் மொழியில் மழை. அது அவர்களுக்கு அவ்வளவு அருமை, அதனால் பணத்துக்கே அந்தப் பெயர். ஒரு பூலா நம் காசில் ஏறக்குறைய 6 ரூபாய்.

கவிதா: காப்பீடு எழுதியிருக்கிறார்கள் அத்தை. கிராஜுவிட்டி பற்றி ஒரு வரியும் இல்லை, நாளைக்கே கேட்கிறேன்.

பிரபு (லூவன்): கவிதா, உன் ஒப்பந்தத்தை எனக்கும் அனுப்பு, நானும் படிக்கிறேன். மூன்று வருடம் முடிந்து இங்கே வர நினைத்தாலும் அந்த அனுபவம் கணக்கில் வரும்.

சாந்தி: மதினி, சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்? பருப்பு, புளி எல்லாம் கட்டி அனுப்பட்டுமா?

கமலா அத்தை: பருப்பு அங்கே இந்தியக் கடையில் கிடைக்கும். புளி மட்டும் ஒரு கிலோ கொட்டை நீக்கிக் கட்டு. அப்புறம் கம்பளி கட்டாயம் வேண்டும். ஜூனில் விடியற்காலை புல்லின் மேல் உறைபனி படியும், நான் மெல்லிய சேலையோடு போய் முதல் குளிர்காலம் முழுக்க நடுங்கினேன்.

சாந்தி: ஆப்பிரிக்காவில் உறைபனியா! சரி மதினி, நாளைக்கே வாங்கிவிடுகிறேன்.

கவிதா: அத்தை, அந்த மகள்? படிப்பை நிறுத்தட்டுமா என்று கேட்டாளே?

கமலா அத்தை: நிறுத்த விடுவேனா? அரசாங்கச் செலவில் நர்ஸ் படிப்பு முடித்தாள். இப்போது பிரான்சிஸ்டவுனில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். கிறிஸ்துமஸுக்கு எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பாமல் இருக்க மாட்டாள். அவளிடம் கேட்டுவிட்டு நம்பரை உனக்குத் தனியாக அனுப்புகிறேன். முதலில் ‘துமேலா மா’ சொல்லு, அப்புறம் பேச்சைத் தொடங்கு.